பரணில் தூங்கும் பெட்டி

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கிறதா? ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். பழைய கொலுப் படிக்கும், ஓட்டை விழுந்த இட்லிக் கொப்பரைக்கும் நடுவே, துணிப்பையில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டாலும் அகப்படும். தேனியில் தொடங்கிச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரைக்கும் பள்ளத்தாக்கு நெடுக எத்தனையோ வீடுகளில் இந்தப் பெட்டி உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை பிளஸ் டூ படித்திருந்தால் போதும், அது வந்து சேர்ந்திருக்கும்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவ மாணவிகளின் கைக்குப் போயின. பிள்ளைகள் படித்தார்கள், சினிமா பார்த்தார்கள், வேலை கிடைத்துக் கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் போனார்கள். பெட்டி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. "அது ஸ்லோவாகிவிட்டது" என்று ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிப் பரணுக்கு அனுப்பிவிட்டோம்.

இப்போது இந்தப் பேச்சை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை ஒரு வருஷத் தவணை உண்டு. அதற்கடுத்த விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்றாலோ, டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 2017-க்கு முந்திய பிராசஸர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே பரணில் கிடப்பவை மட்டுமல்ல, மேஜை மேல் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல யந்திரங்களுக்கும் சேர்த்துக் கடைக்காரர் ஒரே வைத்தியம்தான் சொல்லுகிறார்: "புதுசு வாங்கிடுங்க மேடம்!"

புதுசு வாங்கினால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று போகிறது. சிறிய பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் இந்தச் செலவும் வந்து நின்றால் என்ன செய்வது? என்னைக் கேட்டால், முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்கள் என்பேன்.

சிரிக்காதீர்கள். பிரஷர் குக்கருக்கு காஸ்கெட் மாற்றுகிறவர் யார்? தையல் மெஷினில் நூல் அறுந்து அறுந்து போகும்போது பாபினை வெளியே எடுத்து, அந்தத் துளியூண்டு திருகாணியைக் கால் திருப்புத் திருப்பி, தையலைச் சரி செய்கிறவர் யார்? வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் அல்லவே! பாபின் கேஸின் திருகாணியைப் பழகிய கைக்கு லேப்டாப்பின் திருகாணி பெரியதுதான்.

இந்த யந்திரங்களைத் திறந்து பார்ப்பதில் எனக்கு வெகு நாளாகவே ஒரு பைத்தியம் உண்டு. போன முறை சின்னமனூருக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, தம்பி 2013-ல் வாங்கிய பெட்டியைக் கூடத்தில் விரித்த வேஷ்டியின் மேல் வைத்துப் பிரித்தேன். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இப்பிடி அக்கு அக்காக் கழட்டிப் போட்டிருக்கியே, திரும்பச் சேருமா?"

"சேரும் சித்தி. உங்க பணியாரச் சட்டியைக் கொஞ்சம் கொடுங்க."

"பணியாரச் சட்டியா? அது எதுக்கு?"

எதற்கென்றால், ஸ்க்ரூ போடுவதற்கு! லேப்டாப்பில் உள்ள திருகாணிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். நீளம் மட்டும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும். குட்டைத் திருகாணி இருந்த இடத்தில் நெட்டையை முறுக்கினால் அது உள்ளே இருக்கிற பலகையைக் குத்திவிடும். எந்தப் பக்கத்து ஸ்க்ரூவோ அதை அந்தக் குழியில் போட்டு வைத்தால் குழப்பம் இல்லை. கழற்றுமுன் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது படங்களைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டு போனால் போதும்.

திறப்பதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். பாட்டரி தனியாகக் கழலும் மாடலாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி மின்சாரம் வடிந்துவிடும். கை வளையலைக் கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலி குனிந்தால் தொங்கும். அதை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிட்டு உட்காருங்கள். காற்றுக் காலத்தில் நைலான் புடவை கட்டிக்கொண்டு நடந்தால் உடம்பில் ஒரு சிறு மின்சாரம் ஏறியிருக்கும். நமக்கு அது சுள்ளென்று ஒரு கடி, அவ்வளவுதான். மெமரிச் சில்லுக்கு அது மரணம்.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பள்ளத்தாக்கின் தலையாய கம்ப்யூட்டர் வியாதி வைரஸ் அன்று, தூசி! ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். காற்றாலைக்குச் சோறு போடும் அந்தக் காற்று, வீட்டுக்குள் புழுதியையும் கொண்டுவந்து கொட்டுகிறது. பஞ்சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். லேப்டாப்பின் விசிறிக்கும் அதை ஒட்டிய செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் பஞ்சும் சேர்ந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் நிற்கும். சித்தி வீட்டுப் பெட்டியில் அதை அப்படியே முழுசாக உரித்து எடுத்தேன். தலையணைக்குள் அடைக்கலாம் போலிருந்தது!

மூச்சு அடைத்தால் யந்திரம் சூடாகும். சூடானால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "ஸ்லோவாகிவிட்டது" என்று நாம் சொன்னதில் பாதி இந்த மூச்சுத் திணறல்தான். ஒரு மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும். ஊதும் கருவி இருந்தால் அதுவும் சரி. ஆனால் ஊதும்போது விசிறி வேகமாகச் சுழலாதபடி அதன் இறக்கையை ஓர் ஈர்க்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இஷ்டப்படி சுழலவிட்டால் அதன் அச்சு கெட்டுப்போகும். சுத்தம் செய்தபின் மெத்தையின் மேல் வைத்து உபயோகிப்பதை விட்டுவிடுங்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகளை மெத்தை மூடிவிடுகிறது. ஒரு பலகை போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

மற்றொரு பாதிக்குக் காரணம் என்ன?

சமையலறையை வைத்துச் சொல்லுகிறேன். கம்ப்யூட்டரில் ராம் என்பது சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது சாமான் அறை. மேடை விசாலமாக இருந்தால் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். மேடை குறுகல் என்றால், கடுகு டப்பாவை உள்ளே வைத்துவிட்டு மிளகாய் டப்பாவை எடுத்துவர வேண்டும். பிறகு மறுபடியும் கடுகுக்கு ஓட வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் வந்த அரசு லேப்டாப்புகளில் இருந்தது 2 ஜி.பி. ராம். இன்றைய இணையப் பக்கங்களுக்கு அது முழங்கை அளவு மேடை. போதாக்குறைக்கு அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் என்பது கிராமபோன் தட்டு மாதிரி உள்ளே சுழலும் ஒரு தட்டு. தேடி எடுக்க நேரம் பிடிக்கும்.

இந்தத் தட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டிவிட்டால் பெட்டிக்கு மறுபிறவிதான். இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய டிஸ்க் இருந்த இடத்தில் அதே அளவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 240 ஜி.பி. தாராளம். என் அபிப்பிராயத்தில், ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் ராமை விட்டுவிட்டு முதலில் எஸ்.எஸ்.டி.யைத்தான் வாங்க வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டுக் காப்பி போடப் போகும் வழக்கத்தை நீங்கள் மறந்துவிடலாம்.

ராம் வாங்கும்போது ஒரு விஷயம். ரவிக்கைத் துணி எடுக்கப் புடவையைக் கையோடு கொண்டுபோகிறோம் அல்லவா? அதுபோலப் பழைய ராமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.3எல், டி.டி.ஆர்.4 என்று ஜாதிகள் பல. எல்லாம் எல்லாப் பெட்டிக்கும் பொருந்திவிடாது. எவ்வளவு வரை ஏற்கும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை உலகெங்கும் தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஆகவே பழைய சாமான் விற்கும் கடைகளில் செகண்ட் ஹாண்ட் டி.டி.ஆர்.3 கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. தேனியில் கிடைக்காவிட்டால் மதுரை இருக்கிறது. 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்ப வந்துவிட்டது. அந்த ரயிலில் போய் ஒரு ராம் வாங்கி வருவது நல்ல உல்லாசப் பிரயாணம்!

கடையில் இப்போது "ஏ.ஐ. லேப்டாப்" என்று வேறு ஒன்று சொல்லுகிறார்கள். படம் வரைகிறவர்கள், வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள் விஷயம் வேறு. வீட்டுக்கு வேண்டியது என்ன? கடிதம், கணக்கு, மின்சார பில், பேரனுடன் வீடியோவில் பேச்சு, பிள்ளையின் பாடம். ஏ.ஐ.யிடம் கேள்வி கேட்பதற்குக்கூடப் பெரிய யந்திரம் வேண்டாம். பதில் தயாராவது எங்கோ தூரத்தில் உள்ள யந்திரத்தில். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் 2007-லிருந்து நடக்கிறது. முன்பு கூவி நடந்த ஏலக்காய் ஏலத்தில் இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறார்கள். ஒரு மலைத்தொடரின் மகசூலே அங்கே விலை போகிறது. அந்த யந்திரம் செய்யவேண்டிய வேலை, எண்ணைக் காட்டுவதும் பட்டனைக் கேட்பதும்தான். வேலை எவ்வளவு பெரியது என்பதை வைத்து யந்திரம் எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று கணக்குப் போடக் கூடாது.

நிற்க. பெட்டியைச் சுத்தம் செய்தாயிற்று, எஸ்.எஸ்.டி. மாட்டியாயிற்று. உள்ளே குடிவைக்க ஒரு சிஸ்டம் வேண்டுமே?

இங்கேதான் லினக்ஸ் வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியது இது. உலகெங்கும் உள்ளவர்கள் கைகொடுத்து வளர்த்தார்கள். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதன் வம்சம்தான். விலை கிடையாது. இன்னொரு வேடிக்கை: நம் அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுடன் கூட பாஸ் என்ற லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள், சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்தது அது. பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் கிணறு இருக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனோம்!

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் லினக்ஸ் மின்ட் சொல்லுவேன். மின்ட் என்றால் புதினா. அதன் முகப்பு ஒன்றுக்குச் சின்னமன் என்று பெயர், அதாவது இலவங்கப்பட்டை. ஏலக்காயை ஏன் விட்டார்கள் என்று போடிக்காரர்கள் வழக்குப் போடலாம். பழைய பெட்டிகளுக்குப் பட்டை கொஞ்சம் கனம், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலேசான முகப்பு உள்ளதை இறக்கிக்கொள்ளுங்கள். சுமார் 3 ஜி.பி. வரும். குறைந்தது 2 ஜி.பி. ராம் வேண்டும், 4 இருந்தால் நிம்மதி. ரூஃபஸ் என்ற இலவசச் சாதனத்தைக் கொண்டு அதை ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தது அழிந்துபோகும், ஜாக்கிரதை. பிறகு பென் டிரைவை லேப்டாப்பில் சொருகி, பவர் பட்டனை அழுத்தியவுடனே எஃப் 12 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து தொடங்கட்டும் என்று அது கேட்கும். சில கம்பெனிப் பெட்டிகளில் எஃப் 9, சிலவற்றில் எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் உள்ள பெரிய சௌகரியம் என்னவென்றால், அந்தப் பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். டிஸ்கில் உள்ள எதையும் அது தொடாது. ஒரு வாரம் அப்படியே வைத்துக்கொண்டு, வை-ஃபை வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று பார்க்கலாம். பிடித்திருந்தால் நிரந்தரமாகப் போடுங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிடுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். மாப்பிள்ளை பார்ப்பதில் இந்த வசதி இல்லை.

எல்லோருக்கும் லினக்ஸ்தான் என்று நான் வாதாட வரவில்லை. வீட்டுக்காரர் வியாபாரக் கணக்கை டாலியில் எழுதுகிறாரா? அது விண்டோஸுக்கென்றே செய்தது. அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வைத்து வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களும் பொறுத்திருக்கலாம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவந்து நிறுவினால்தான் படிக்க முடியும். இல்லாவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும்.

தமிழில் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது. உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில். ஒரு வாரம் தடுமாறும். பிறகு ஆங்கிலத்தில் அடித்து மாற்றுகிறவர்களை நீங்கள் முந்திவிடுவீர்கள். எழுத்துருவில் "தேனீ" என்று ஒன்று உண்டு. தேனிக்காரர்கள் நம் ஊர்ப் பெயர் என்று பெருமைப்பட வேண்டாம். அது தேன் சேர்க்கும் தேனீ. அதைச் செய்தவர் தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் பிறந்து துபாயில் வேலை பார்த்த உமர் தம்பி. கணினியில் தமிழ் தட்டுத் தடுமாறிய நாட்களில், சொந்த நேரத்தில் எழுத்துருக்களைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006-ல் மறைந்துவிட்டார். அவருடைய தேனீயை உபயோகித்த எத்தனையோ பேருக்கு அவர் பெயர் தெரியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி மின்சாரம். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்பில் இறங்கி மின்சாரம் தருகிறது, காற்றும் தருகிறது. இருந்தும் சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி இடியிலும் நம் வீட்டு விளக்கு கண் சிமிட்டத்தான் செய்கிறது. மேற்கு மலை உச்சி கறுத்தால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே உருவ வேண்டும். இன்டர்நெட் பெட்டியையும் மறக்காதீர்கள். கண்ணாடி இழைக் கேபிள் மின்னலைக் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் கடத்தும். பாட்டரி செத்த லேப்டாப்பை இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் சொருகி ஓட்டலாம்.

பாட்டரி உப்பியிருந்தால் கதை வேறு. அடிப்பலகை வளைந்திருக்கிறதா, டச் பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இருந்தால் அந்தப் பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள். பாட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப் பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்குகிறவரிடம் சேர்க்க வேண்டும். சார்ஜரையும், பெரிய கம்ப்யூட்டரில் மின்சாரம் நுழையும் அந்தத் தகரப் பெட்டியையும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். என் பைத்தியம்கூட அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் பாக்கி இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் லேப்டாப்பை அப்படியே எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தத் தட்டுக்குள் என்னென்ன இருக்கிறது? ரேஷன் கார்டு, பட்டா, பாங்க் பாஸ் புத்தகம் எல்லாவற்றின் நகலும். பெண்ணின் வளைகாப்புப் படங்கள். வயசுப் பெண் தன் தோழிகளுடன் எடுத்த படங்கள். "ஃபார்மட் பண்ணிட்டேன்" என்பார்கள். சாதாரணமாகச் செய்யும் ஃபார்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற மாதிரி. உள்ளே பக்கங்கள் இருக்கும். தெரிந்தவர் கையில் கிடைத்தால் மீட்டுவிடுவார். ஆகவே எந்தப் பெட்டியை விற்றாலும், யாருக்குக் கொடுத்தாலும், டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

கழற்றிய டிஸ்கைச் சும்மா வைக்கவேண்டாம். யு.எஸ்.பி. கேஸ் என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்குள் செருகினால் அதுவே வெளி டிஸ்க் ஆகிவிடும். போனில் சேர்ந்துவிட்ட குடும்பப் படங்களை வருஷத்துக்கு இரண்டு முறை அதில் நகல் எடுத்துப் பீரோவில் வையுங்கள். பழைய தட்டு எந்த நாளும் மக்கர் செய்யலாம். ஆகவே இன்னொரு நகல் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். சித்தி வீட்டு டிஸ்கில் 2014-ல் காலமான பாட்டியின் படங்கள் முப்பத்திரண்டு கிடைத்தன. ஒரு நகல் சின்னமனூரில் பீரோவில் இருக்கிறது. இன்னொன்றைப் பென் டிரைவில் போட்டுத் தம்பிக்குக் கோயமுத்தூருக்கு அனுப்பினோம்.